அட்ரினல் கட்டியை எடுக்க எந்த வழி: வயிறா, முதுகா, ரோபோவா?

அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று மருத்துவமனைகளின் எஸ்டிமேட் காகிதங்கள் கிடந்தன. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் ஊறுகாய் பாட்டிலை வைத்திருந்தார். ஒன்றில் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு கேமரா வழியாகப் பார்த்துச் செய்வது, என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ரோபோ, தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூன்றாவது டாக்டர், முதுகு வழியாக எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். "கட்டி வயித்துக்குள்ள இருக்கு. முதுகுல எதுக்குடா ஓட்டை போடணும்?" என்று அத்தை கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. மருந்துக்கடை நடத்துகிறேன். அத்தைக்கு நான்கு வகை பிரஷர் மாத்திரையும், மாதாமாதம் பொட்டாசியம் சிரப்பும் எடுத்துக் கொடுத்தவனே நான்தான். இத்தனை மாத்திரைக்கும் பிரஷர் அடங்காமல், பொட்டாசியமும் இறங்கிக்கொண்டே போனதைப் பார்த்துத்தான் ஒரு நாளமில்லாச் சுரப்பி (ஹார்மோன்) மருத்துவர், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைச் சந்தேகித்தார். அதற்கப்புறம் இதே மூன்று வழிக் குழப்பத்தோடு கடைக்கு வந்து பேசியவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் சொன்னதையும், அத்தைக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

## அதற்கும் முன்னால்: எடுக்கத்தான் வேண்டுமா?

வேறு எதற்கோ எடுத்த சி.டி. ஸ்கேனில் 'அட்ரினலில் சின்னக் கட்டி' என்று வந்துவிட்டாலே பலர் ஆபரேஷனுக்குத் தயாராகிவிடுகிறார்கள். அந்தக் கட்டி ஹார்மோன் எதையும் அதிகமாகச் சுரக்கவில்லை, சாயம் ஏற்றாத சி.டி.யில் ஒரே சீராக, 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (ஸ்கேனில் அடர்த்தியைச் சொல்லும் அளவு) அல்லது அதற்குக் கீழே இருக்கிறது என்றால், அது கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டி. பெரும்பாலும் அதைத் தொடவே வேண்டாம். எந்த வழி என்ற கேள்வியே அங்கே எழாது.

எடுக்க வேண்டியவை என்று பார்த்தால் முக்கியமாக நான்கு. பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும் ஆல்டோஸ்டிரோனைக் கொட்டும் கட்டி (கான் நோய், அத்தைக்கு இருந்தது இதுதான்), உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைக் கொட்டும் கட்டி (குஷிங்), அட்ரினலினைக் கொட்டும் ஃபியோக்ரோமோசைட்டோமா (சுருக்கமாக ஃபியோ), அப்புறம் புற்றுநோய் என்று சந்தேகப்பட வைக்கும் கட்டி.

கான் நோயில் இன்னொரு பொறி இருக்கிறது. ஸ்கேனில் இடது பக்கம் கட்டி தெரியும். ஆனால் வம்பு செய்வது வலது பக்கமாகவோ இரண்டு பக்கமுமாகவோ இருக்கும். 950 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 38 சதவீதம் பேருக்கு ஸ்கேன் சொன்னதும் சிரை ரத்தப் பரிசோதனை சொன்னதும் ஒத்துப்போகவில்லை. தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இரண்டு அட்ரினலின் சிரையிலிருந்தும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. வயது 35க்குள், ஒரு பக்கம் மட்டும் தெளிவான கட்டி, பொட்டாசியம் நன்றாக இறங்கியிருக்கிறது என்றால் அது இல்லாமலே போகலாம். மற்றவர்களிடம் அதைச் செய்யாமல் நேராக ஆபரேஷன் தேதி கொடுத்தால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் விஷயம் கட்டியின் குணம், அடுத்தது அளவு. மூன்றாவது, வயிற்றுக்குள் ஏற்கெனவே என்னென்ன நடந்திருக்கிறது என்பது: சிசேரியன், கர்ப்பப்பை, பித்தப்பை, அப்பெண்டிக்ஸ். பிறகு உடல் வாகு. ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்பதும் கணக்கில் வரும். பணம், இன்ஷூரன்ஸ் கடைசியில்.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒன்று இருக்கிறது: கத்தி பிடிக்கிறவர் வருடத்துக்கு எத்தனை அட்ரினல் எடுக்கிறார்? அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, வருடத்துக்கு 6 அல்லது அதற்கு மேல் செய்பவர்களிடம் சிக்கலும் செலவும் குறைவு என்று கண்டது. அதே பதிவுகளில் அட்ரினல் ஆபரேஷன் செய்த டாக்டர்களில் பெரும்பாலோர் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் செய்திருந்தார்கள். பித்தப்பை ஆபரேஷன் மாதிரி இது தினமும் நடப்பதில்லை. பெயர் பெற்ற லேப்ராஸ்கோப்பி நிபுணராகவே இருந்தாலும் அட்ரினல் அவருக்குப் புதிய பேட்டையாக இருக்கலாம்.

இடத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சுரப்பி 4, 5 கிராம்தான் இருக்கும். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும். குடலோடு சேர்ந்த வயிற்று உறைக்கு வெளியே, பின்னால், முதுகுப் பக்கம். வலது சுரப்பி கல்லீரலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதன் சிரை ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது, உடம்பின் பெரிய சிரையில் நேராகப் போய் விழும். இழுத்துக் கிழித்துவிட்டால் ரத்தம் கொட்டும். இடது சுரப்பியின் சிரை கொஞ்சம் நீளம், சிறுநீரகச் சிரையில் சேரும். ஆனால் முன்னால் மண்ணீரலும் கணையத்தின் வாலும் குறுக்கே நிற்கும். அத்தையின் கேள்விக்குப் பதில் இதுதான்: கட்டி வயிற்றுக்குள் இல்லை, வயிற்றுக்குப் பின்னால் இருக்கிறது.

## வயிற்று வழி லேப்ராஸ்கோப்பி

உலகத்தில் அதிகம் பேர் கற்றுக்கொண்ட வழி இது. கனடாவின் மான்ட்ரியலில் மிஷேல் கான்யே என்ற அறுவை நிபுணர் 1992இல் இதை முதலில் எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் இந்தத் துளியூண்டு சுரப்பிக்காக வயிற்றையோ விலாவையோ நீளமாகக் கிழிக்க வேண்டியிருந்தது.

நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைப்பார்கள். இடது பக்கத்துக்குப் பொதுவாக மூன்று துளை, வலது பக்கத்துக்குக் கல்லீரலைத் தூக்கிப் பிடிக்க இன்னொன்று சேர்த்து நான்கு. கரியமில வாயுவை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிரப்பி வயிற்றை ஊதுவார்கள். கல்லீரலையோ மண்ணீரலையோ அதன் பிணைப்பிலிருந்து விடுவித்து ஒதுக்கியபின் சுரப்பி கண்ணில் படும்.

இதன் பெரிய பலம் இடம்தான். கை கால் நீட்டி வேலை செய்யலாம். கட்டி 6 செ.மீ.க்கு மேல் இருந்தாலும் அனுபவசாலிகள் இந்த வழியில் எடுக்கிறார்கள். நடுவில் ரத்தக் கசிவு கட்டுக்கடங்காமல் போனால், வயிற்றைத் திறந்து கையை உள்ளே விடவும் தாமதமாகாது. பக்கத்து உறுப்புகளில் வேறு ஏதாவது இருந்தாலும் கண்ணில் படும்.

பழைய ஆபரேஷன்கள்தான் இதன் எதிரி. குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் முதல் ஒரு மணி நேரம் அதைப் பிரிப்பதிலேயே போய்விடும்; குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் கூடவே வரும். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டுமென்றால் பாதியில் ஆளைப் புரட்டிப் படுக்கவைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யாரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு விஷயங்களும் உண்டு. ஆபரேஷன் முடிந்த இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும். உள்ளே விட்ட வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால் வருவது. பயந்துபோய் இ.சி.ஜி. எடுக்க ஓடியவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது, துளை போட்ட இடத்தில் பின்னாளில் குடலிறக்கம் வரலாம்.

## முதுகு வழி

எனக்கு இதன் மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் மார்ட்டின் வால்ட்ஸ் 1990களின் நடுவிலிருந்து இந்த வழியைச் செதுக்கி எடுத்தார். 2006இல் தன் 560 ஆபரேஷன்களின் கணக்கை வெளியிட்டார். சராசரி நேரம் 67 நிமிடம். நோயாளி குப்புறப் படுத்திருப்பார், இடுப்பும் முழங்காலும் மடிந்து, நமாஸில் பாதி குனிந்தவர் மாதிரி. வயிறு அந்தரத்தில் தொங்க இடம் விட்டிருப்பார்கள். கடைசி விலா எலும்பின் நுனிக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. முதலில் உள்ளே போவது கேமரா இல்லை, டாக்டரின் விரல். விரலால் கொஞ்சம் இடம் பண்ணி, அந்த விரலையே வழிகாட்டியாக வைத்து இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு துளை. பிறகு வாயுவை 20 முதல் 25 வரை ஏற்றுவார்கள், வயிற்று வழியைவிட அதிகமாக. அந்த அழுத்தம் சின்னச் சிரைகளை அமுக்கிப் பிடித்துக்கொள்வதால் ரத்தக் கசிவு குறைவு. சிறுநீரகத்தைக் கீழே தள்ளினால் சுரப்பி எதிரில். குடல், கல்லீரல், மண்ணீரல் எதையும் தொட வேண்டியதில்லை.

அத்தைக்கு இரண்டு சிசேரியன், கர்ப்பப்பை எடுத்தது, அப்புறம் பித்தப்பை. அவருடைய வயிற்றுக்குள் போவது திருவிழாக் கூட்டத்துக்குள் பஸ் ஓட்டுவது மாதிரி என்றார் அந்த மூன்றாவது டாக்டர். ரோபோவுக்கு எஸ்டிமேட் கொடுத்த இடத்தில் இந்தப் பழைய ஆபரேஷன்களைப் பற்றி யாரும் கேட்கக்கூட இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல். முதுகு வழியிலேயே போனோம். அன்று இரவே இட்லி சாப்பிட்டார், மூன்றாம் நாள் வீட்டில். எடுத்த கட்டியை வெட்டிப் படம் பிடித்துக் காட்டினார்கள்: 1.8 செ.மீ., உள்ளே பளீரென்ற மஞ்சள், அவித்த நாட்டுக்கோழி முட்டையின் கரு மாதிரி. கான் கட்டிகள் அந்த நிறத்தில்தான் இருக்குமாம்.

சரி, இதன் குறைகள். கட்டி 6, 7 செ.மீ. தாண்டினால் அந்தக் குறுகிய இடத்தில் திருப்பவே முடியாது. ரொம்பப் பருமனானவர்களுக்கும் கஷ்டம். குப்புறப் படுத்தால் வயிற்றின் பாரம் மேலே அழுத்தி, வேலை செய்யும் இடத்தைச் சுருக்கிவிடும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடைவெளி குறைவானவர்களுக்கும் அப்படியே. பெரிய சிக்கல் வந்தால், குப்புறக் கிடப்பவரை வைத்துக்கொண்டு அவசரமாக வயிற்றைத் திறக்க முடியாது. அதிக அழுத்தத்தால் வாயு தோலுக்கடியில் பரவி, தொட்டால் அப்பளம் நொறுங்குவது போல் மொறமொறக்கும். ஓரிரு நாளில் தானே போய்விடும். கடைசி விலாவின் கீழே ஓடும் நரம்பு அடிபட்டால் விலாப்புறம் மரத்துப் போகும். அத்தைக்கு நான்கு மாதம் அப்படி இருந்தது. புடவைக் கொசுவம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை என்பார்.

எண்கள் என்ன சொல்கின்றன? போலந்தின் கிராக்கோவில் 65 பேரைக் குலுக்கல் முறையில் வயிற்று வழி, முதுகு வழி என்று இரண்டாகப் பிரித்து, 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். நேரம், ரத்த இழப்பு, வலி, செலவு எல்லாவற்றிலும் முதுகு வழி முன்னால் நின்றது. துளையில் குடலிறக்கம் வந்தது வயிற்று வழிக்காரர்களுக்கு மட்டும். ஆனால் கொரியாவில் 83 பேரை வைத்து 2019இல் வெளியான இதே மாதிரி ஆய்வில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆக, முதுகு வழி தோற்கவில்லை, சின்னக் கட்டிகளில் சிலருக்கு லாபம் என்ற அளவில்தான் சொல்ல முடியும். கற்றவர்கள் குறைவு என்பதுதான் இதன் நிஜமான விலை. பெரும்பாலான டாக்டர்கள் உடம்பை முன்பக்கத்திலிருந்து பார்த்தே பழகியவர்கள். இங்கே எல்லாம் தலைகீழ்.

பக்கவாட்டில் படுக்கவைத்து, வயிற்று உறையைத் தொடாமல் விலாப்புறமாகப் போவதும் ஒரு வகை. சிறுநீரகவியல் அறுவை நிபுணர்கள் சிலருக்கு அது கை வந்த கலை. உங்கள் டாக்டர் அதைத்தான் நிறையச் செய்கிறார் என்றால் முதுகு வழியின் நன்மைகளில் பாதி அதிலும் கிடைக்கும்.

## ரோபோ

ரோபோ தனி வழி இல்லை. வயிற்று வழியிலோ முதுகு வழியிலோதான் அதுவும் போக வேண்டும். கருவியைப் பிடிப்பது மட்டும் இயந்திரக் கை. 'ரோபோ செய்யும்' என்று பேச்சுவாக்கில் சொல்கிறார்கள், நாலடி தள்ளி உட்கார்ந்து செய்வது டாக்டர்தான்.

டா வின்சி என்ற ரோபோ இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது. முப்பரிமாணக் காட்சி, மணிக்கட்டு போல் மடங்கும் முனை, நடுக்கமில்லாத கை. பெரிய கட்டி, பருமனான உடம்பு, சுரப்பியில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றுவது போன்ற வேலைகளில் இது டாக்டருக்கு வசதி. பரம்பரையாக இரண்டு பக்கமும் ஃபியோ வரும் குடும்பங்களில் அந்த மீதிச் சுரப்பி பொன் மாதிரி; இரண்டையும் முழுசாக எடுத்துவிட்டால் ஆயுளுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. ஆனால் அந்த வேலையையும் ரோபோ இல்லாமல் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2 செ.மீ. கான் கட்டிக்கு ரோபோவால் நோயாளிக்குத் தனியாக ஏதும் கிடைப்பதாக உறுதியான சான்று இல்லை.

செலவு ஏன் எகிறுகிறது? ஒவ்வொரு கருவி முனையையும் இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று இயந்திரமே எண்ணி வைத்திருக்கும். அந்தக் கணக்கு உங்கள் பில்லில் இறங்கும். இந்தியாவில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட விதிகள், ரோபோ ஆபரேஷனை பாலிசிகள் ஒதுக்கித் தள்ளக் கூடாது என்றன. ஆனால் அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ள இடம் விட்டன. பாலிசி 5 லட்சம் என்று நம்பி அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் அன்று அந்த வரம்பைத் தெரிந்துகொள்வதுதான் நடக்கிறது. ரோபோவுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பணம் பிரச்சினை இல்லை, டாக்டர் அட்ரினலை ரோபோவிலேயே வாடிக்கையாகச் செய்கிறார் என்றால் மறுக்கவும் காரணம் இல்லை.

## துளையே வேண்டாம் என்ற இடம்

அட்ரினல் புற்றுநோய் அபூர்வம். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் இருவர். ஆனால் அதன் உறை ஒரு தரம் கிழிந்தால் செல்கள் வயிறெங்கும் சிதறும், மறுபடி திரட்ட முடியாது. அதனால் 6 செ.மீ.க்கு மேல், ஓரம் ஒழுங்கில்லாமல், பக்கத்து உறுப்பில் பரவியிருக்கும் கட்டி என்றால் திறந்த ஆபரேஷன்தான் சரி. 'சின்னத் துளையிலேயே முடித்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அங்கே சந்தோஷப்படக் கூடாது.

## ஒரு பார்வையில்

| | வயிற்று வழி | முதுகு வழி | ரோபோ |
|---|---|---|---|
| கட்டியின் அளவு | சிறியது முதல் பெரியது வரை | 6 செ.மீ. வரை வசதி | போகும் வழியைப் பொறுத்தது |
| பழைய வயிற்று ஆபரேஷன் | தொல்லை | பிரச்சினை இல்லை | வயிற்று வழி என்றால் தொல்லை |
| இரண்டு பக்கமும் | ஆளைப் புரட்ட வேண்டும் | புரட்ட வேண்டாம் | வழியைப் பொறுத்தது |
| அதிகப் பருமன் | சமாளிக்கலாம் | கஷ்டம் | டாக்டருக்கு வசதி |
| பிறகு வரும் தொந்தரவு | தோள் வலி, குடலிறக்கம் | விலாப்புற மரப்பு | அந்தந்த வழிக்கு உரியது |
| செலவு | நடுத்தரம் | நடுத்தரம் அல்லது குறைவு | அதிகம் |

## உங்கள் நிலைமைக்கு எது?

சின்ன கான் கட்டி, வயிற்றில் பழைய தழும்புகள்: முதுகு வழி தெரிந்தவரைத் தேடி வேறு ஊருக்குப் போவதுகூட நியாயம். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தடவை காட்டிவிட்டு முடிவெடுங்கள். அதே கான் கட்டி, ஆனால் வயிற்றில் இதுவரை கத்தியே படவில்லை, உள்ளூரில் வயிற்று வழியை நிறையச் செய்பவர் இருக்கிறார் என்றால் அவரிடமே செய்துகொள்ளுங்கள். 5, 6 செ.மீ. ஃபியோ என்றால் நான் வயிற்று வழிப் பக்கம் சாய்வேன். குஷிங்கில் இரண்டையும் எடுக்க வேண்டுமென்றால் முதுகு வழி நேரத்தை மிச்சப்படுத்தும்; உடல் பருமன் அதிகமாக இருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

முதுகு வழியை வருடத்துக்கு ஒன்று செய்பவரா, வயிற்று வழியை மாதத்துக்கு இரண்டு செய்பவரா என்று வந்தால் இரண்டாமவரைத் தேர்ந்தெடுங்கள், வயிற்றில் தழும்பே இருந்தாலும்.

## வழி எதுவானாலும் தப்பாத வேலைகள்

ஃபியோ இல்லை என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் சிதைந்து வரும் பொருள்) பார்க்காமல், அட்ரினல் கட்டியில் சதைத் துணுக்கு எடுக்க ஊசி குத்தவும் விடக் கூடாது, ஆபரேஷனுக்கும் போகக் கூடாது. ஃபியோ என்று தெரிந்தால் ஆபரேஷனுக்கு முன் 7 முதல் 14 நாள், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பு மாத்திரை, கூடவே உப்பும் தண்ணீரும் தாராளமாக. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் பிரஷர் எகிறும்.

கான் நோயாளிகள் ஆபரேஷன் முடிந்ததும் பிரஷர் மாத்திரைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 94 சதவீதம் பேருக்கு ஹார்மோனும் பொட்டாசியமும் சரியாயின. ஆனால் மாத்திரையே இல்லாமல் பிரஷர் சரியானது 37 சதவீதம் பேருக்குத்தான். அத்தைக்கு நான்கு ஒன்றாகியது. பொட்டாசியம் சிரப் நின்றுவிட்டது.

குஷிங் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் சீட்டோடு கடைக்கு வருவார்கள். மிச்சமிருக்கும் இன்னொரு சுரப்பி தூங்கிப்போய்க் கிடக்கும். விழித்துக்கொள்ள மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். "புண்ணு ஆறிடுச்சு, மாத்திரை எதுக்கு?" என்று பாதியில் நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அதை டாக்டரிடம் எழுதி வாங்கி, மாத்திரை டப்பாவிலேயே மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.